நான் சொன்ன இழுப்பு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோவையாக எழுத வராது. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தேன். அதற்குப் பிறகு பலசரக்குச் சிட்டையைத் தவிர வேறு எதையும் எழுதியதாக நினைவில்லை. சொல்வது முன்னுக்குப் பின்னாக வரும், மறந்தும் போகும். மறதிக்கு வயசு பாதி காரணம், என் நோய் பாதி காரணம். வேலைக்குப் போன பெண்கள் ஆளுக்கொன்று எழுதித் தாருங்கள், புத்தகமாகப் போடலாம் என்று எங்கள் பங்குக் கோயில் மாதர் சபையில் கேட்டபோது நான் தூணை ஒட்டி ஒதுங்கித்தான் உட்கார்ந்திருந்தேன். அப்படியும் என் பெயரைச் சொன்னார்கள். என்னைக் கேட்கச் சொல்லி யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்பதில் எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் உண்டு.

என் நோய் வலிப்பு. மகன் பிறந்த வருஷம் முதல் தடவை வந்தது. பார்த்தால் யாருக்கும் தெரியாது. கை கால் நன்றாக இருக்கிறது, கண் தெரிகிறது, காது கேட்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். மாத்திரை ஒழுங்காகப் போட்டால் மாசக்கணக்கில் எட்டிப் பார்க்காது. ஒழுங்காகப் போட்டும் சில சமயம் வந்துவிடும். வருவதற்கு முன்னால் துருப்பிடித்த தகரத்தை நக்கியது போல நாக்கில் ஒரு ருசி தட்டும். அந்த ருசி தட்டினால் இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். அதற்கு மட்டும்தான் நேரம் இருக்கும்.

எங்கள் வீட்டில் வலிப்பு என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. அதற்கு முன்னால் காக்காயைச் சேர்த்துத் தெருவில் ஏசுவார்கள் என்று என் மாமியாருக்குப் பயம். "அவளுக்கு இழுப்பு" என்பார்கள். கையும் காலும் இழுக்கிறதே, அதனால் இழுப்பு. நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்குகிறதே, எங்கள் பக்கத்தில் அதற்கும் இழுப்பு என்றுதான் பெயர். எனக்கு இது தெரியாததில்லை. ஆனால் ஒரு சொல்லை இத்தனை வருஷம் வீட்டுக்குள் ஒரே அர்த்தத்தில் புழங்கிவிட்டால், வாசலுக்கு வெளியே அதற்கு வேறு அர்த்தம் இருப்பது சட்டென்று ஞாபகத்துக்கு வருவதில்லை.

என் வீட்டுக்காரர் தளம் போடும் கொத்தனார். அவர் இருந்தவரை நான் வேலைக்குப் போகவில்லை. அவர் போன பிறகுதான் போக வேண்டி வந்தது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவன் பாடே அவனுக்குப் பெரும்பாடு.

முதலில் காரைக்குடியில் ஒரு பலகார வீட்டுக்குப் போனேன். சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம் எல்லாம் போட்டு வெளியூருக்கு அனுப்புகிறவர்கள். நோய் உண்டா என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் விழுந்துவிட்டேன். கண் திறந்தால் சுற்றிலும் கால்கள். மூக்குக்குப் பக்கத்தில் யாருடைய செருப்போ. அந்த வீட்டு அம்மா ரொம்பப் பதவிசாகச் சொன்னார்கள்: "நீங்க வீட்டுல கெடந்து எந்திரிங்கம்மா. நாங்களே சொல்லி விடுறோம்." சொல்லிக்கொண்டே ஒரு பை நிறைய முறுக்கை என் கையில் திணித்தார்கள். முறுக்கு தீர்ந்தது, சொல்லி விட யாரும் வரவில்லை. அன்றிலிருந்து யாராவது என்னிடம் இனிக்கப் பேசினால், அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். சொந்தமில்லை, ஆனால் மதினி என்றுதான் கூப்பிடுவேன். கானாடுகாத்தானில் பெரிய செட்டியார் வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றி நடத்துகிறார்களே, அந்த மாதிரி ஒரு வீட்டில் அவள் துணி துவைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறாள். அவள்தான் வந்து சொன்னாள்.

"ஆள் எடுக்குறாக. நாளைக்கு எங்கூட வா. ஆனா அதச் சொல்லாத."

"கேட்டா?"

"நல்லா இருக்கேண்டு சொல்லு. பொண்ணு பாக்கவா வாராக, ஒண்ணு விடாமச் சொல்றதுக்கு?"

"விழுந்துட்டேண்டா?"

"விழுறப்பப் பாத்துக்கிடலாம். இப்பவே விழுந்து காமிக்கப் போறியா?"

நான் சொல்லிவிடுவது என்று வைத்திருந்தேன். பலகார வீட்டில் என்னைச் சுற்றி நின்ற கால்களை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் பக்கம் திரும்பி, வலிப்பு, வலிப்பு என்று சத்தம் வராமல் சொல்லிப் பார்த்தேன். மதினி செபம் சொல்கிறேன் என்று நினைத்தாள்.

மேனேஜர் முகப்பில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். என் மகன் வயசுதான் இருக்கும். ஒரு கண் போனில் இருந்தது.

"உக்காருங்க பெரியம்மா. இதுக்கு முன்னாடி எங்குட்டு வேல பாத்தீக?"

பலகார வீட்டைச் சொன்னேன்.

"நல்ல எடமாச்சே. ஏன் விட்டீக?"

மதினி அவருக்குப் பின்னால் தூணோரம் நின்று வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். என் குரல் எப்போதுமே எதிரில் இருக்கிறவருக்குப் பாதிதான் போய்ச் சேரும். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த சொல் அந்த நேரத்தில் வாய்க்கு வரவில்லை. வீட்டுச் சொல்தான் வந்தது.

"எனக்கு இழுப்பு இருக்கு தம்பி. மாத்திரை போடுறேன். எப்பயாச்சும் வரும்."

அவர் போனை மேசையில் வைத்தார். என்னைப் பார்த்தார்.

"எங்க அம்மாச்சிக்கும் இழுப்புத்தான். பயப்படாதீக, பாத்துக்கிடலாம். நாளைலருந்து வாங்க."

இவ்வளவுதானா என்று இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் மதினி ஏசினாள். ஏசி முடித்துவிட்டு அவளே, "எப்புடி ஆத்தா ஒரு வார்த்தை கேக்காம எடுத்தாரு? எனக்கே என்னமோ மாதிரி இருக்கு" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மறுநாள் மேனேஜர் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். "அடுப்படிப் பக்கம் வேணாம் பெரியம்மா, புகை. மொட்ட மாடில துணி காயப் போடுறதப் பாருங்க. அங்குட்டு நல்ல காத்து." புகை என்று அவர் சொன்னதை நான் நெருப்பு என்று எடுத்துக்கொண்டேன். விவரமான பிள்ளை, எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்த யோசிக்கிறார் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். மாடி ஏறிப் பார்த்ததும் மெச்சியது இறங்கிவிட்டது. அந்தக் காலத்து வீடு. கைப்பிடிச் சுவர் என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. எட்டிப் பார்த்தால் கீழே கல் தளம். வலிப்புக்காரியைக் கொண்டுபோய் இங்கே நிறுத்துகிறவர் ஒன்றும் தெரியாதவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தானாக விழுந்தால் கேட்பாரில்லை என்று நினைக்கிறவராக இருக்க வேண்டும். என் புத்தி இரண்டாவது பக்கம்தான் போனது. கொடிக் கயிறுகளை அவிழ்த்து மாடிக்கு நடுவில் கட்டிக்கொண்டேன். ஏன் மாற்றினீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

என் நோய் தெரிந்த இடத்தில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கேயாவது ஒரு கரண்டி விழுந்து சத்தம் கேட்டால் எல்லாருடைய கண்ணும் என் பக்கம் வரும். இங்கே அது இல்லை. விருந்தாளிகளின் அறைக்குத் துண்டு கொண்டு போகவும் என்னையே அனுப்பினார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் தினமும் கதவைத் திறந்து எனக்கு வணக்கம் சொல்வாள். நானும் சொல்வேன். எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருக்கிறதே, இது எத்தனை நாளைக்கோ என்றும் இருந்தது.

பனிக் காலத்தில் வீட்டுக்கார ஆச்சி சென்னையிலிருந்து வந்தார்கள். வேலையாட்களை எல்லாம் நடு முற்றத்து வளவுக்கு வரச் சொல்லி விசாரித்தார்கள். என் முறை வந்ததும் மேனேஜர் குனிந்து என்னமோ சொன்னார்.

"இழுப்பு ஒங்களுக்குத்தானா?" என்றார்கள் ஆச்சி. "பனிக்கு எப்புடி இருக்கீக? ராவுல உக்காத்தி வைக்குதா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இல்ல ஆச்சி" என்றேன்.

"ஆடாதொடைப் பொடி தாரேன். தேன்ல கொழச்சு நக்குங்க. சளிய அறுத்துக் கொண்டாந்துரும்."

பொட்டலத்தைக் கையில் வாங்கிய பிறகுதான் புரிந்தது. இவர்கள் வைத்திருப்பது நெஞ்சு இழுப்பு. அடுப்படி வேண்டாம் என்றது புகைக்காக. மாடி கொடுத்தது காற்றுக்காக. நான் வாயைத் திறப்பதற்குள் ஆச்சி அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்கள். பொட்டலம் கொடுக்கும்போது அவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார்கள். நடுங்குகிறதா என்று பார்த்தார்களோ என்னவோ.

மெஷின் அறைக்குப் போய் மதினியிடம் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துத் துணிக் கூடை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மாதாவாப் பாத்துக் குடுத்த பேரு. மாத்திக் கீத்தித் தொலைக்காத. அந்த ஆச்சி இருக்குறப்ப ரெண்டு இருமு இருமிக்க, சோலி முடிஞ்சுச்சு."

"இருமலாம். மாடில விழுந்தா?"

"அதான் நடுவுல கட்டிருக்கியே கயிற."

சொல்லிவிட வேண்டும் என்று மேனேஜர் அறை வாசல் வரை போவேன். அவர் போனில் இருப்பார், இல்லாவிட்டால் யாராவது விருந்தாளி நிற்பார்கள். என்ன பெரியம்மா என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று வந்துவிடுவேன். இந்த வயசில் இனி எவர் வேலை கொடுப்பார்கள்? ஆனால் மேனேஜர் உண்மையிலேயே தப்பாகத்தான் விளங்கிக்கொண்டாரா என்பதிலும் எனக்கு நிச்சயமில்லை. நெஞ்சு இழுப்புக்காரி மாடிப்படி ஏறினால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். நான் கூடையோடு விறுவிறுவென்று ஏறுவதை அவர் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்?

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம். காய்ந்த பெட்ஷீட்டுகளை உருவிக்கொண்டிருந்தேன். நாக்கில் தகர ருசி தட்டியது. கயிற்றுக்கு அடியில் அப்படியே உட்கார்ந்தேன். அவ்வளவுதான் தெரியும்.

கண் திறந்தபோது வானம் தெரிந்தது. அப்புறம் தலைக்கு மேலே வெள்ளைத் துணி ஆடியது. சுற்றிலும் கால்கள் இல்லை, ஒருவருமே இல்லை. நான் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். என் தலைக்கு அடியில் தலையணை உறை ஒன்று நாலாக மடித்து வைத்திருந்தது. நான் வைக்கவில்லை. என் வலது கைக்குள் ஒரு சாவி இருந்தது. அந்தக் காலத்துச் சாவி, சாண் நீளம், முழு இரும்பு.

வலிப்பு வந்தவர் கையில் இரும்பு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இரும்பு ஒன்றும் செய்யாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து வாயில் எதையும் வைக்காமல் விட்டால் போதும் என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்வார்கள். சொன்னாலும் எங்கள் ஆட்களின் கை இரும்பைத்தான் தேடும். ஆனால் நெஞ்சு இழுப்புக்காரிக்கு யாரும் இரும்பு கொடுப்பதில்லை. ஆக, என்னைப் பார்த்தவருக்கு இது எந்த இழுப்பு என்று தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒருவரையும் கூப்பிடாமல், ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போயிருக்கிறார்.

மதினியாக இருக்குமோ என்று அவளைக் கேட்டேன்.

"நாம் பாத்திருந்தா சாவியவா தேடிக்கிட்டுத் திரிவேன்? கத்தி ஊரக் கூட்டிருப்பேன்ல" என்றாள்.

அது நிஜம். அவள் சுபாவம் அப்படித்தான்.

அவள் சாவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது பூட்டிக் கெடக்குற ரூம்பு சாவி. மேனேஜர் ரூம்புல தொங்கும். இது ஒன் மடில இருக்குறத எவளாச்சும் பாத்தா, நோய்க்காரிங்குற பேரு போயி திருடிங்குற பேரு வரும். படில எங்குட்டாச்சும் வச்சுட்டு வா. போறவுக வாரவுக எடுத்துக்கிடுவாக."

எனக்கு அது சரியாகப் படவில்லை. என்னைச் சோதிக்கத்தான் யாரோ கையில் வைத்துவிட்டுப் போனார்களோ என்றுகூட நினைத்தேன். இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். எப்படி வந்தது என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பஸ்ஸுக்குப் போகிற நேரத்தில் மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் தனியாக இருந்தார். சாவியை மேசையில் வைத்தேன்.

"தம்பி, இது என் கையில இருந்துச்சு."

அவர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "எங்குட்டு?"

"மாடில. நான் எடுக்கல."

"எடுத்தீகண்டு யாரு சொன்னா?"

சாவியை எடுத்து, உட்கார்ந்தபடியே கையைப் பின்னால் நீட்டி ஆணியில் மாட்டினார். அந்தச் சுவரில் ஆணிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாய்க்குச் சோறு போவது போல நேராக அந்தக் காலி ஆணிக்குக் கை போனது. இவர்தான் என்று அப்போதே எனக்குத் தோன்றிவிட்டது. ஆனால் சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ண மாட்டேன். சாவிகளோடேயே இருக்கிறவருக்குக் கை தன்னால் போகலாம்.

"நான் இழுப்புண்டு சொன்னது நெஞ்சு இழுப்பு இல்ல தம்பி. வலிப்பு."

சத்தமாகவே வந்துவிட்டது. அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பெரியம்மா, நீங்க இழுப்புண்டு சொன்னீக. நானும் ஆச்சிக்கிட்ட இழுப்புண்டுதான் சொன்னேன். ரெண்டு பேருமே பொய் சொல்லல. இது இப்புடியே கெடந்தா ஒருத்தருக்கும் தொந்தரவு இல்ல. நீங்க இந்த வார்த்தையச் சொன்னீகண்டா நானும் ஆச்சிக்கிட்ட இந்த வார்த்தையத்தான் சொல்லணும். அப்புறம் அவுக என்ன சொல்வாகண்டு எனக்குத் தெரியாது."

"அப்ப ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"என்னத்தத் தெரியும்?"

"ஒங்க அம்மாச்சிக்கு எந்த இழுப்பு?"

"அவுக போய்ச் சேந்து எம்புட்டோ வருஷமாச்சு பெரியம்மா" என்று போனை எடுத்துக்கொண்டார்.

நான் நின்றுகொண்டே யோசித்தேன். அவர் நல்லது நினைத்துத்தான் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். என் வேலை நிலைக்க வேண்டும் என்றுதான் தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்திருக்கிறார் என்றே இருக்கட்டும். ஆனால் மாடியிலிருந்து விழப்போவது நான். இழுப்பு என்ற சொல் என் வேலையைக் காப்பாற்றும், என்னைக் காப்பாற்றாது. பேசாமல் இருந்தால் வேலையும் உண்டு, முழங்கால் உயரச் சுவரும் உண்டு.

"ஆச்சிக்கிட்டச் சொல்லிருங்க தம்பி. என்னால மாடிக்குப் போக முடியாது."

"அப்ப நாளைக்கு வர வேணாம். பேசிட்டு நானே சொல்லி விடுறேன்."

அதே பேச்சு. நான் அவர் கையைப் பார்த்தேன். முறுக்குப் பை எதுவும் இல்லை.

வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மதினி வேலைக்குப் போகும்போதும் ஏசினாள், வரும்போதும் ஏசினாள். "எரிஞ்சுக்கிட்டிருந்த அடுப்புல நீயே தண்ணி ஊத்திட்டு, சோறு வேகலேண்டு உக்காந்திருக்க" என்றாள். மகனிடம் போனில் சொல்லவில்லை. வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால் கூப்பிடத்தான் வருகிறார்களோ என்று எழுந்து போவேன். முறுக்கைக் கொடுத்து அனுப்பியவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன பெரிய வித்தியாசம் இருக்கப்போகிறது என்று மனசைத் தேற்றிக்கொள்ளவும் பார்த்தேன்.

அந்த வாரம் முடியுமுன் மதினி வந்து, "கெளம்பு. வரச் சொன்னாக" என்றாள்.

மேனேஜர் நின்றுகொண்டே சொன்னார். ஆச்சியிடம் பேசிவிட்டாராம். இனி மாடி வேண்டாம், மெஷின் அறையில் மதினியோடு இருந்து மடிக்கிற வேலையைப் பார்க்க வேண்டும், தனியாக எங்கேயும் போகக் கூடாது. சம்பளத்தில் கை வைக்கவில்லை. எல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒன்று சேர்த்தார்.

"விருந்தாளிக இருக்குற பக்கம் மட்டும் வர வேணாம் பெரியம்மா. ஆச்சி சொல்லிட்டாக."

சரி என்றேன். வேலை இருக்கிறதே என்ற நிம்மதியில் அந்த நேரம் அது உறைக்கவில்லை.

இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். பின்கட்டில் மெஷினின் உறுமல் கேட்டபடியே மடித்துக்கொண்டிருக்கிறேன். துண்டுகளை வேறு யாரோ கொண்டு போகிறார்கள். அடுப்படியில் ஏதாவது மூடி விழுந்தால், ஒரு பெண் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். அக்கறையாகவும் இருக்கலாம், வேடிக்கையாகவும் இருக்கலாம். காபி குடித்த என் டம்ளரை மற்ற டம்ளர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்க்கிறார்களோ என்று ஒரு கண் வைத்திருக்கிறேன். ஆனால் முழங்கால் உயரச் சுவர் இல்லை. ருசி தட்டினால் உட்காருவதற்குத் தரை இருக்கிறது, கத்தி ஊரைக் கூட்ட மதினி இருக்கிறாள்.

ஒன்று மட்டும் அடங்க மாட்டேன் என்கிறது. சென்னைக்குத் திரும்பிவிட்ட ஆச்சியோடு மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசிய அன்று போன் சத்தம் மெஷின் அறை வரைக்கும் கேட்டதாம். "மாடிக்கு விடாதீக, தனியா விடாதீக" என்று ஆச்சி சொன்னதுதான் தன் காதில் விழுந்தது, விருந்தாளிப் பேச்சே அதில் வரவில்லை என்று மதினி சொல்கிறாள். அப்படியானால் அதைச் சேர்த்தது மேனேஜரா? கையில் இரும்பு வைத்தவர்தான் என்னை முன்கட்டுக்கு வராதே என்றும் சொன்னாரா?

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் தயவுசெய்து யாராவது சரிபார்த்துக் கொடுங்கள். நான் விழுந்தது மார்கழியிலா தையிலா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அதை மதினியிடம் கேட்கலாம். ஆனால் விருந்தாளி விஷயத்தை அவளிடம் கேட்காதீர்கள். அவள் என் பக்கம்தான் பேசுவாள், மெஷின் ஓடுகிறபோது அவளுக்கு அரைகுறையாகத்தான் காது கேட்கும். ஆச்சி ஊருக்கு வரும்போது உங்களில் யாராவது, என் பெயரை இழுக்காமல், நயமாகக் கேட்டுப் பாருங்கள். ஆச்சிதான் அப்படிச் சொன்னார்கள் என்றால் மேனேஜரைப் பற்றி நான் மேலே எழுதியதை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அப்படியே இருக்கட்டும். நானே போய்க் கேட்டால் வேலைக்கு ஏதாவது வந்துவிடும்.

ஊர்ப் பெயரைப் போட்டது சரிதானா என்றும் ஒரு தரம் பாருங்கள்.